நிலத்தின் விலையேற்றம் யாருக்குச் சேர வேண்டும்? சுன் யாட்-சென்னின் வரித் திட்டம் சீனாவின் கொள்கையாகியிருந்தால்

சீனாவின் உள்ளாட்சி அரசுகள் 2021-ஆம் ஆண்டில் நிலப் பயன்பாட்டு உரிமைகளை விற்று ஏறத்தாழ 8.7 லட்சம் கோடி யுவான் திரட்டின. 2024-இல் அதே வருவாய் 4.9 லட்சம் கோடி யுவானுக்கும் கீழே இறங்கிவிட்டது. பள்ளிக்கூடம், சாலை, சம்பளம், கடன் தவணை என எல்லாவற்றுக்கும் இந்தப் பணத்தை நம்பியிருந்த நகராட்சிகள் இப்போது மத்திய அரசின் முகத்தைப் பார்க்கின்றன. அங்கே ஆண்டுதோறும் சொத்து வரி வசூலிக்க வேண்டுமா என்ற விவாதம் கிளம்பும்போதெல்லாம் நில மதிப்பின் மீது மட்டும் வரி போதும் என்னும் ‘ஜார்ஜியம்’ என்ற பழைய பெயரும் கூடவே எழுகிறது. அதைத் தொடர்ந்து ஒரு கற்பனைக் கேள்வியும் வருகிறது: சீனா மார்க்சியத்தை ஏற்காமல், நில மதிப்பு வரியைத் தன் அரசியல் கொள்கையாக ஏற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இக்கேள்வி வெறும் பொழுதுபோக்கு அன்று. சுன் யாட்-சென் தலைமையில் சீனக் குடியரசை நிறுவியவர்கள் 1905-இலேயே இக்கொள்கையைத் தங்கள் உறுதிமொழியில் சேர்த்திருந்தார்கள். தைவானில் இன்றும் நடைமுறையில் உள்ள அரசியலமைப்புச் சட்டத்தில் அது ஒரு பிரிவாக நிற்கிறது. ஆகவே கேட்க வேண்டியது, இக்கொள்கை சீனாவுக்கு வந்திருக்க முடியுமா என்பது அன்று. வந்த கொள்கை ஏன் வேர் பிடிக்கவில்லை, பிடிப்பதற்கு எவையெல்லாம் மாறியிருக்க வேண்டும் என்பதே.

## நில மதிப்பு வரி: அடிப்படைகள்

ஒரு மனையின் விலையில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, உரிமையாளர் தம் பணத்தாலும் உழைப்பாலும் எழுப்பிய கட்டடம், கிணறு, வேலி முதலியவற்றின் மதிப்பு. மற்றொன்று, வெறும் நிலத்தின் மதிப்பு. பக்கத்தில் ரயில் நிலையம் வந்தாலோ, ஊர் நகரமாக வளர்ந்தாலோ உரிமையாளர் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தாமலேயே இரண்டாவது பகுதி உயர்கிறது. இந்த இரண்டாவது பகுதியின் மீது மட்டும் ஆண்டுதோறும் விதிக்கப்படுவதே நில மதிப்பு வரி. நிலம் தன் இருப்பிடத்தாலும் வளத்தாலும் தரும் இவ்வருவாயைப் பொருளியல் நூல்கள் ‘வாரம்’ என்கின்றன. அந்த வாரத்தைச் சமூகத்துக்குத் திருப்புவதுதான் இவ்வரியின் நோக்கம்.

வழக்கமான நிலவரியிலிருந்து இது வேறுபட்டது. பழைய நிலவரி பரப்பையும் விளைச்சலையும் பார்க்கும். நில மதிப்பு வரி சந்தை விலையைப் பார்க்கும். கட்டடத்தையும் சேர்த்து விதிக்கப்படும் சொத்து வரியும் வேறு. அந்த வரி, வீட்டைப் பெரிதாகக் கட்டியவரைத் தண்டிக்கிறது. நில மதிப்பு வரியில், மனையை வெறுமனே போட்டு வைத்திருப்பவரும் அதில் ஐந்து மாடி கட்டியவரும் ஒரே தொகையைத்தான் கட்டுவார்கள்.

இவ்வரி நிலத்தின் விலையை என்ன செய்யும் என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஒரு மனை ஆண்டுக்கு 1,00,000 யுவான் வாரம் தருகிறது, நாட்டில் வட்டி 5 விழுக்காடு என்று கொள்வோம். அந்த மனையை வாங்குபவர் ஏறத்தாழ 20 லட்சம் கொடுக்கச் சம்மதிப்பார். அரசு ஆண்டுதோறும் 60,000 யுவானை வரியாக எடுத்துக்கொண்டால் மீதி 40,000. மனையின் விலை 8 லட்சமாகக் குறையும். நிலம் எங்கும் போய்விடவில்லை, அதன் பயனும் குறையவில்லை. வருங்கால வாரத்தை இன்றே விலையாக வாங்கிக்கொள்ளும் வாய்ப்புதான் விற்பவரிடமிருந்து அரசுக்கு மாறியிருக்கிறது. இவ்வரி அறிமுகமாகும் நாளில் நிலம் வைத்திருப்பவரே இழப்பு முழுவதையும் சுமக்கிறார் என்பதும் இக்கணக்கிலேயே தெரியும். பின்னால் வரும் அரசியல் சிக்கல் முழுவதற்கும் இதுவே வேர்.

## நியூயார்க்கிலிருந்து டோக்கியோவுக்கு

இக்கருத்தை மக்கள் இயக்கமாக்கியவர் அமெரிக்கரான ஹென்றி ஜார்ஜ். 1879-இல் வெளியான ‘முன்னேற்றமும் வறுமையும்’ என்ற அவரது நூல், செல்வம் பெருகும் நகரங்களிலேயே வறுமையும் பெருகுவது ஏன் என்று கேட்டு, நில உடைமையாளர் அந்த வளர்ச்சியை விழுங்கிவிடுவதே காரணம் என்று விடை சொன்னது. மற்ற வரிகளையெல்லாம் நீக்கிவிட்டு நில மதிப்பின் மீது ஒரே வரி போதும் என்பது அவர் வாதம். 1886-இல் நியூயார்க் மேயர் தேர்தலில் அவர் தியடோர் ரூஸ்வெல்ட்டை மூன்றாம் இடத்துக்குத் தள்ளி இரண்டாவதாக வந்தார். 1897-இல் மீண்டும் போட்டியிட்டு, வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன் காலமானார்.

அதே 1896–97 காலத்தில் லண்டனில் நாடு கடந்து வாழ்ந்தவர் சுன் யாட்-சென். சீனத் தூதரகத்தில் சிறைபிடிக்கப்பட்டு விடுதலையான பிறகு பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்தில் நெடுநேரம் படித்தார். ஐரோப்பிய நகரங்களின் வறுமையையும் கண்டார். தொழில் வளர்ச்சி இன்னும் தொடங்காத சீனாவில் நிலத்தின் விலை ஏறுவதற்கு முன்பே அந்த ஏற்றத்தைப் பொதுவுடைமையாக்கிவிட்டால், மேற்கு நாடுகளின் வர்க்கப் போர் சீனாவில் வராமலே தடுக்கலாம் என்ற முடிவுக்கு வந்தார். அவர் சிந்தனையில் உண்மையிலேயே புதியது இதுதான் என்று சொல்லலாம். ஜார்ஜுக்கு இவ்வரி ஏற்கெனவே முற்றிவிட்ட நோய்க்கு மருந்து. சுன்னுக்கு அது வருமுன் காக்கும் ஏற்பாடு.

1905 ஆகஸ்ட் மாதம் டோக்கியோவில் சுன் தலைமையில் உருவான துங்மெங்ஹுய் என்ற புரட்சி அமைப்பின் உறுதிமொழி நான்கு கூறுகள் கொண்டது: மஞ்சு ஆட்சியை விரட்டுதல், சீனத்தை மீட்டல், குடியரசு நிறுவுதல், நில உரிமையைச் சமப்படுத்துதல். நான்காவது கூறு தொடக்கத்திலேயே உறுத்தியது. 1907-இல் பிரிந்து உருவான குங்சின்ஹுய் என்ற கிளை அமைப்பு ‘நில உரிமை’ என்ற இடத்தில் ‘மனித உரிமை’ என்று மாற்றி எழுதிக்கொண்டது. சீர்திருத்தவாதி லியாங் சிச்சாவ், புரட்சியாளர்களின் ‘மின் பாவ்’ இதழோடு நடத்திய நீண்ட விவாதத்தில் இக்கொள்கையைக் கடுமையாகத் தாக்கினார். மன்னராட்சியைக் கவிழ்க்கக் கைகோத்தவர்களில் பலர் நிலம் வைத்திருந்த குடும்பங்களின் பிள்ளைகள் என்பதை இங்கே மறக்கக் கூடாது.

## சுன் வகுத்த நான்கு படிகள்

சுன்னின் திட்டம் ஜார்ஜின் திட்டத்தை அப்படியே பெயர்த்ததன்று. அது நான்கு படிகளில் அமைந்தது:

1. நில உரிமையாளர் ஒவ்வொருவரும் தம் நிலத்தின் மதிப்பைத் தாமே அறிவிக்க வேண்டும்.
2. அறிவித்த மதிப்பின் மீது அரசு ஆண்டுதோறும் வரி வசூலிக்கும்.
3. அரசு விரும்பினால், அறிவித்த அதே விலைக்கு நிலத்தை வாங்கிக்கொள்ளலாம்.
4. அறிவிப்புக்குப் பிறகு ஏறும் விலை முழுவதும் பொதுமக்களுக்குரியது.

முதல் மூன்றும் ஒன்றையொன்று காக்கும்படி பின்னப்பட்டவை. மதிப்பைக் குறைத்துச் சொன்னால் அரசு அதே விலைக்கு நிலத்தை எடுத்துக்கொள்ளும். கூட்டிச் சொன்னால் வரி கூடும். எனவே உரிமையாளர் உண்மையைச் சொல்வார், மதிப்பிடும் அதிகாரிகளின் படை தேவைப்படாது என்பது கணக்கு. தாளில் இது மிக அழகான ஏற்பாடு. ஆனால் குறைத்துச் சொன்ன நிலத்தை வாங்க அரசிடம் ரொக்கம் இருக்க வேண்டும். 1912-இல் சீன அரசின் கருவூலம் காலி. அந்நிய வல்லரசுகளோடு செய்த 1901 உடன்படிக்கையின்படி 45 கோடி தேல் (சீன எடை அளவு) வெள்ளி இழப்பீட்டை 39 ஆண்டுகளில் கட்டி முடிக்க வேண்டிய கடமை வேறு. வாங்க வக்கில்லாத அரசு ‘வாங்கிவிடுவேன்’ என்று மிரட்டுவதை யார் பொருட்படுத்துவார்கள்? அதே நேரத்தில், படை வைத்திருக்கும் ஒரு மாகாணத் தளபதிக்கு இந்த மூன்றாம் படி தன் எதிரிகளின் நிலத்தைச் சட்டப்படி அபகரிக்கும் கருவியாகவும் ஆகியிருக்கும். சுன்னின் திட்டத்தைப் புகழ்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தொடாமல் கடந்துவிடுகிறார்கள்.

## சிங்தாவ்: ஜெர்மானியர் காட்டிய வழி

சீன மண்ணில் நில மதிப்பு வரி முதன்முதலில் நடைமுறைக்கு வந்தது ஒரு காலனியில். 1897 நவம்பரில் ஜெர்மன் கடற்படை ஷான்தோங் மாகாணத்தின் ஜியாவ்சோ விரிகுடாவைக் கைப்பற்றியது. அடுத்த ஆண்டு 99 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1898 செப்டம்பரில் வில்ஹெல்ம் ஷ்ராமையர் என்ற அதிகாரி வகுத்த நில ஒழுங்குமுறை அங்கே அமலாயிற்று. ஆக்கிரமிப்புக்கு முந்தைய விலையில் நிலத்தை விவசாயிகளிடமிருந்து வாங்கும் தனியுரிமையை நிர்வாகம் வைத்துக்கொண்டது. பிறகு மனைகளை ஏலத்தில் விற்று, ஆண்டுதோறும் மதிப்பில் 6 விழுக்காடு வரியும், மறுவிற்பனையில் விலையேற்றத்தின் மூன்றில் ஒரு பங்கும் வசூலித்தது.

ஊக வணிகம் அடங்கிய, ஒழுங்காகத் திட்டமிட்ட துறைமுக நகரமாகச் சிங்தாவ் வளர்ந்தது. 1912-இல் அங்கே சென்ற சுன் அதைச் சீனாவுக்கு முன்மாதிரி என்று பாராட்டினார். பின்னாளில், 1924-இல், ஷ்ராமையரையே தம் அரசு இயங்கிய தென்சீன நகரமான குவாங்சோவுக்கு ஆலோசகராக வரவழைத்தார்.

எனினும் சிங்தாவ் சோதனை எளிதில் நடந்ததற்கான காரணங்களைப் பார்க்க வேண்டும். நிலம் முழுவதும் முதலில் அரசின் கைக்கு வந்துவிட்டது. அரசுக்குப் பின்னால் போர்க்கப்பல்கள் நின்றன. உள்ளூர் நிலக்கிழார்களின் ஆதரவு அந்த அரசுக்குத் தேவையே இல்லை. இம்மூன்றும் சீனாவின் எந்தத் தேசிய அரசுக்கும் வாய்க்கவில்லை.

## யார் அளப்பது?

சீனாவுக்கு நிலவரி புதிதன்று. மிங் காலத்தில் வயல்களின் வடிவத்தை மீன் செதில்போல் அடுக்கி வரைந்த ‘மீன்செதில் ஏடுகள்’ இருந்தன. 1570-களின் இறுதியில் முதன்மை அமைச்சர் சாங் ஜூசெங் நாடு முழுவதும் நிலத்தை மறு அளவை செய்ய முயன்றார். அடுத்து வந்த மஞ்சுக்களின் சிங் ஆட்சியில் 1712-இல் காங்சி மன்னர் தலைவரித் தொகையை உறையவைத்தார்; அவருக்குப் பின் வந்த யோங்செங் காலத்தில் அது நிலவரியோடு இணைக்கப்பட்டது. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் அரசு வருவாயில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலவரியாக இருந்தது. 1908-இல் அது மூன்றில் ஒரு பங்களவுக்கு இறங்கியது. உள்நாட்டுச் சரக்கு வரியும் சுங்கமும் உப்பு வரியும் மேலேறின.

ஆக, பேரரசின் கடைசிக் காலத்தில் நிலப் பதிவேடுகள் பல தலைமுறைகளுக்கு முந்தையவை. எந்த வயல் யாருடையது என்பது மாவட்ட அலுவலகத்தின் எழுத்தர்களுக்கு மட்டுமே தெரிந்த பரம்பரை இரகசியம். ஏட்டில் ஏறாத ‘கறுப்பு நிலம்’ எங்கும் இருந்தது. நிலத்தின் மீது வரி போட அதன் விலை தெரிய வேண்டும். விலை தெரிய அதன் பரப்பும் உரிமையாளரும் தெரிய வேண்டும். அந்த முதல் படியே சீனாவில் இல்லை.

அண்டை நாடான ஜப்பான் இதைச் செய்து காட்டியிருந்தது. 1873-இல் தொடங்கிய மெய்ஜி நிலவரிச் சீர்திருத்தம் நிலம் முழுவதையும் அளந்து, உரிமைப் பத்திரம் வழங்கி, மதிப்பில் 3 விழுக்காட்டைப் பணமாக வசூலித்தது. விவசாயிகள் கலகம் செய்ததால் 1877-இல் அது 2.5 விழுக்காடாயிற்று. அளவை முடியப் பல ஆண்டுகள் பிடித்தன. ஆனால் ஒருமுறை நிர்ணயித்த மதிப்பை அரசு காலத்துக்கேற்பத் திருத்தாததால், விலைவாசி ஏற ஏற அவ்வரியின் கனம் குறைந்துகொண்டே போயிற்று. அளவை என்பது ஒருமுறை செய்து முடிக்கும் வேலை அன்று, நிரந்தரமான நிர்வாகப் பணி என்பது ஜப்பானின் அனுபவத்திலேயே தெரிகிறது.

சீனாவிலும் ஒரு முயற்சி நடந்தது. 1912-இல் சுன்னுக்குப் பின் குடியரசுத் தலைவரான யுவான் ஷிகாயின் அரசு நில எல்லை அளவைக்கென ஒரு பணியகம் அமைத்து, யுன்னான் தளபதி சாய் எ-வை அதன் தலைவராக்கியது. யுவான் மன்னராக முடிசூட முனைந்ததும் சாய் எ 1915 இறுதியில் பெய்ஜிங்கிலிருந்து தப்பிச் சென்று யுன்னானில் எதிர்ப்புப் படை திரட்டினார். அளவைத் திட்டம் அத்தோடு சிதைந்தது.

## வரலாறு எங்கே பிரிந்திருக்கலாம்?

மாற்று வரலாறு எழுதுபவர்கள் வழக்கமாக 1912-ஐத் தேர்ந்தெடுப்பார்கள்: சுன் குடியரசுத் தலைவர் பதவியை யுவானிடம் ஒப்படைக்காமல் இருந்திருந்தால், என்று தொடங்குவார்கள். இது வலுவற்ற தொடக்கம். சுன்னின் நான்ஜிங் அரசுக்குப் படையும் இல்லை, பணமும் இல்லை. அதே ஆண்டு துங்மெங்ஹுய் மற்றக் கட்சிகளோடு இணைந்து கோமிண்டாங் என்ற தேசியவாதக் கட்சி ஆனபோது, பிறரைச் சேர்த்துக்கொள்வதற்காக நில உரிமைக் கோரிக்கையை மழுங்கடித்தார்கள். யுவானோ 1913-இல் உப்பு வரியை அடகு வைத்து அந்நிய வங்கிகளிடம் 2.5 கோடி பவுண்டு கடன் பெற்றுத் தன் ஆட்சியை நிறுத்திக்கொண்டார். கடன் கிடைக்கிறவரை எந்த ஆட்சியாளரும் நிலக்கிழாரின் பகையைத் தேட மாட்டார்.

இதைவிட நம்பத்தக்க திருப்புமுனை 1924–25 குவாங்சோ. நகர மதில்கள் இடிக்கப்பட்டுப் புதிய சாலைகள் போடப்பட்டிருந்தன. சாலையோர மனைகளின் விலை ஏறுவது எல்லோருக்கும் கண்கூடாகத் தெரிந்த நேரம் அது. ஜார்ஜின் நூல் முன்னுரையை 1905-லேயே சீனத்தில் மொழிபெயர்த்த லியாவ் சோங்காய் கட்சியின் நிதி விவகாரங்களைக் கையாண்டார். ஷ்ராமையர் நகரிலேயே இருந்தார். ஆனால் 1925 மார்ச் மாதம் சுன் புற்றுநோயால் இறந்தார். ஆகஸ்டில் லியாவ் சுட்டுக் கொல்லப்பட்டார். 1926 தொடக்கத்தில் ஷ்ராமையரும் அங்கேயே இறந்தார். ஓராண்டுக்குள் இத்திட்டத்தை அறிந்தவர், ஆதரித்தவர், அமல்படுத்தத் தெரிந்தவர் மூவரும் இல்லாமல் போனார்கள்.

நமது கற்பனை இங்கேதான் தொடங்க வேண்டும். லியாவ் உயிர் பிழைக்கிறார், குவாங்சோ நகரம் முதல் சோதனைக்களமாகிறது, நாட்டை ஒன்றிணைக்க 1926-இல் கோமிண்டாங் தொடங்கும் வடதிசைப் படையெடுப்பு கைப்பற்றும் ஒவ்வொரு நகரத்துக்கும் நில அளவையாளர்களையும் கூடவே அனுப்புகிறது என்று கொள்வோம்.

## அப்படி நடந்திருந்தால்: ஆறு விளைவுகள்

1. முதல் மோதல் நகர வணிகரோடு வந்திருக்கும். குவாங்சோ வணிகர் படை 1924 அக்டோபரில் சுன்னுக்கு எதிராக ஆயுதம் ஏந்தியது, அடக்கப்பட்டது. நில வரியோடு சில்லறை வரிகளை உண்மையாகவே நீக்கிக் காட்டியிருந்தால் கடை வைத்திருப்பவர் ஒரு பக்கமும் கடைக்கு இடம் கொடுத்தவர் எதிர்ப் பக்கமும் பிரிந்திருப்பார்கள். புதிய வரியைக் கூட்டிப் பழையதையும் விட்டுவைத்திருந்தால் இருவரும் சேர்ந்து எதிர்த்திருப்பார்கள். படைச் செலவு நெருக்கிய அந்த ஆண்டுகளில் இரண்டாவதே நடந்திருக்கும் என்று அஞ்ச வேண்டியிருக்கிறது.

2. இக்கொள்கை அந்நிய எதிர்ப்புக் கொள்கையாக மாறியிருக்கும். சீனாவிலேயே விலையுயர்ந்த நிலம் ஷாங்காயின் சர்வதேசக் குடியிருப்பிலும் பிரெஞ்சுச் சலுகைப் பகுதியிலும் இருந்தது. அங்கே சீன அரசின் வரி அதிகாரம் செல்லாது. நில மதிப்பை முதன்மை வருவாயாக நம்பும் அரசு, தன் நாட்டின் மிகச் சிறந்த வரித்தளத்தை வெளிநாட்டார் அனுபவிப்பதை நெடுநாள் பொறுத்திருக்காது. உண்மையில் 1943-இல் முடிவுக்கு வரத் தொடங்கிய அந்தச் சலுகைகளுக்கு எதிரான போராட்டம், இந்தக் கற்பனைச் சீனாவில் இன்னும் முன்னதாகவும் கூர்மையாகவும் எழுந்திருக்கும்.

3. கிராமத்தில் நிலத்தின் விலை சரிந்திருக்கும். குத்தகை உடனே குறைந்திருக்காது. நிலக்கிழார் வரியைக் குத்தகைதாரர் தலையில் கட்டிவிட மாட்டாரா என்பது எப்போதும் எழும் ஐயம். நிலத்தின் அளவு கூடவோ குறையவோ முடியாது. சந்தை தாங்கும் அளவுக்கு ஏற்கெனவே குத்தகை வாங்கிக்கொண்டிருப்பவர் அதற்குமேல் ஏற்ற முடியாது. கோட்பாடு இவ்வளவுதான் சொல்கிறது. ஆனால் வழக்கத்தாலும் உறவாலும் குத்தகை சந்தை அளவுக்குக் கீழே நின்ற ஊர்களில், வரியைக் காரணம் காட்டி அதை ஏற்றிவிட இடமிருந்தது. முன்பணம் கேட்பது, நடவுக் காலத்தில் வெளியேற்றுவேன் என்று மிரட்டுவது போன்ற வழிகளும் இருந்தன. குத்தகை உச்சவரம்பு இல்லாத நில மதிப்பு வரி உழவருக்குச் சில ஆண்டுகளேனும் தீமையாகவே முடிந்திருக்கும். சுன் தம் கடைசி ஆண்டில் ‘உழுபவருக்கே நிலம்’ என்ற முழக்கத்தைத் தனியே சேர்த்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

4. மதிப்பீட்டாளர் புதிய அதிகாரவர்க்கமாகியிருப்பார். நில மதிப்பு வரி ஒரு நாட்டின் நிர்வாகக் கருவியாக இருக்கும்போது மதிப்பீட்டில் பிழை வந்தால் மேல்முறையீடு செய்யலாம். அதுவே ஆளுங்கட்சியின் வேதமாகிவிட்டால், மதிப்பைக் குறைத்துச் சொன்னவர் கணக்குத் தவறியவராக அல்ல, மக்கள் விரோதியாகப் பார்க்கப்படுவார். அந்தத் தீர்ப்பைச் சொல்பவர் கிராமக் கட்சிக் கிளையின் செயலர். சிச்சுவானில் தளபதிகள் பல பத்தாண்டுகளுக்கான நிலவரியை முன்கூட்டியே பறித்துக்கொண்ட காலம் அது. ‘நில உரிமைச் சமன்பாடு’ என்ற பெயர் அவர்களுக்கும் உதவியிருக்கும்.

5. 1937 போர் இவ்வமைப்பை முறித்திருக்கும். இது நடைபெறாமல் தப்பும் வழி எனக்குத் தென்படவில்லை. ஜப்பான் முதலில் கைப்பற்றியது கடற்கரை நகரங்களை, அதாவது நில மதிப்பு மிகுந்த பகுதிகளை. பணவீக்கம் தொடங்கியதும் பணத்தில் எழுதிய மதிப்பீடுகள் சில மாதங்களிலேயே பொருளற்றுப் போயிருக்கும். உண்மை வரலாற்றிலும், 1928-இல் மாகாணங்களுக்கு விடப்பட்ட நிலவரியை 1941-இல் மத்திய அரசு திரும்ப எடுத்துக்கொண்டு தானியமாக வசூலிக்கத் தொடங்கியது. படைக்குச் சோறு தேவைப்படும்போது, வரி எதன் மதிப்பின் மீது என்ற கேள்வி எழாது.

6. பொதுவுடைமைக் கட்சியின் செல்வாக்குச் சற்றுக் குறைந்திருக்கும், மறைந்திருக்காது. வரி, நிலத்தை மலிவாக்கும். ஆனால் நிலமற்றவர் கையில் பட்டாவைத் தராது. 1940-களின் இறுதியில் வட சீனக் கிராமங்களில் நிலத்தைப் பிரித்துக் கொடுத்த கட்சியோடு, ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு என்று பேசும் கட்சி போட்டியிடுவது கடினம். ஒரே மாற்றம் இதுவாக இருந்திருக்கலாம்: கோமிண்டாங்கின் கிராம அடித்தளமாக நின்ற நிலக்கிழார்கள் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே அக்கட்சியை விட்டு விலகியிருப்பார்கள். அது அக்கட்சிக்கு இலாபமா நட்டமா என்று சொல்வது எளிதன்று.

## உண்மையில் நடந்தது: சட்டம் இருந்தது, அளவை இல்லை

சுன்னுக்குப் பின் கோமிண்டாங்கை வழிநடத்திய சியாங் கை-ஷேக்கின் நான்ஜிங் அரசு 1930-இல் நிலச் சட்டம் இயற்றியது. உரிமையாளரே அறிவிக்கும் மதிப்பு, ஆண்டு வரி, மதிப்பேற்ற வரி எல்லாம் அதில் இருந்தன. நடைமுறைக்கு வந்தது 1936-இல். அடுத்த ஆண்டே போர். இடையில் ஷாங்காய் போன்ற சில நகரங்களில் மட்டும் நில மதிப்பு வரி வசூலாயிற்று. 1947 அரசியலமைப்பின் 143-ஆம் பிரிவு, உழைப்பாலோ முதலீட்டாலோ அல்லாமல் உயர்ந்த நில மதிப்பின் மீது மதிப்பேற்ற வரி விதித்து அதை மக்கள் பொதுவில் அனுபவிக்க வேண்டும் என்று கூறுகிறது. அது எழுதப்பட்டபோது நாட்டின் பாதி உள்நாட்டுப் போரில் இருந்தது.

இரண்டே ஆண்டுகளில் தைவானுக்குத் தப்பிய அதே கட்சி, அங்கே இதைச் செய்து முடித்தது. 1949-இல் குத்தகைக்கு 37.5 விழுக்காடு உச்சவரம்பு, 1953-இல் உழுபவருக்கு நிலம், 1954-இல் நகர்ப்புற நில உரிமைச் சமன்பாட்டுச் சட்டம், 1977-இல் அது நாடு முழுவதற்கும் விரிவு. ஒரே கட்சி, ஒரே கொள்கை. பெருநிலத்தில் இருபது ஆண்டுகளில் முடியாதது தீவில் சில ஆண்டுகளில் எப்படி முடிந்தது? இரண்டு காரணங்கள் போதும். ஜப்பானிய ஆட்சி 1898 முதல் 1905 வரை தைவானை அங்குலம் அங்குலமாக அளந்து, மறைந்திருந்த நிலத்தையெல்லாம் பதிவேட்டில் ஏற்றிவிட்டுப் போயிருந்தது. தைவானின் நிலக்கிழார்கள் கோமிண்டாங்கின் உறவினர்களும் அல்லர், ஆதரவாளர்களும் அல்லர்.

ஆனால் அங்கேயும் கொள்கை தேய்ந்தது. இன்றைய தைவானில் நில மதிப்பு வரி ஆயிரத்துக்கு 10 முதல் 55 வரை. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டு நிலத்துக்கு ஆயிரத்துக்கு 2 மட்டுமே. சுன்னின் சுய அறிவிப்பு முறை பெயரளவுக்குத் தொடர்கிறது: அரசு வெளியிடும் விலையில் 80 முதல் 120 விழுக்காட்டுக்குள் உரிமையாளர் அறிவிக்கலாம், அறிவிக்காவிட்டால் 80 விழுக்காடே மதிப்பாகக் கொள்ளப்படும். பெரும்பாலோர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். நம் ஊர் வழிகாட்டி மதிப்பைப் போலவே, அரசு வெளியிடும் அந்த விலையும் சந்தை விலைக்கு வெகுகீழே நிற்கிறது. மதிப்பேற்ற வரி விகிதமும் முன்பிருந்த 40–60 விழுக்காட்டிலிருந்து 20–40 ஆகக் குறைக்கப்பட்டுவிட்டது. தைப்பேயில் வீட்டு விலை சம்பளக்காரருக்கு எட்டாத உயரத்தில் இருப்பதைக் காட்டி, நில மதிப்பு வரி தோற்றுவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. விகிதம் ஆயிரத்துக்கு 2 என்றால் அதைத் தோல்வி என்பதைவிட, முயலாமலே விட்டது என்பதே பொருந்தும்.

## இன்றைய பெய்ஜிங்: வாரம் உண்டு, ஆண்டு வரி இல்லை

மக்கள் குடியரசின் 1982 அரசியலமைப்புப்படி நகர நிலம் அரசுக்குச் சொந்தம், கிராம நிலம் கூட்டு உடைமை. 1987 டிசம்பரில் ஷென்சென் நகரம் முதல் நில ஏலத்தை நடத்தியது; 1988 திருத்தம் பயன்பாட்டு உரிமையைக் கைமாற்ற அனுமதித்தது. 1994 வரிப் பகிர்வுச் சீர்திருத்தம் பெரிய வரிகளை மத்திய அரசுக்குக் கொண்டுபோனதும், உள்ளாட்சிகள் நில ஏலத்தையே பிழைப்பாக்கிக்கொண்டன.

மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் ஜார்ஜின் கனவே: நிலத்தின் வாரம் அரசுக்குப் போகிறது. வேறுபாடு வசூலிக்கும் முறையில் இருக்கிறது. குடியிருப்பு நிலத்துக்கு 70 ஆண்டு வாரத்தையும் ஒரே நாளில் ஏலத் தொகையாக வாங்கிக்கொள்கிறார்கள். மேலே சொன்ன கணக்கின்படி, வாரம் முழுவதும் விலையாக மாறி வாங்குபவரின் வங்கிக் கடனில் ஏறுகிறது. நிலத்தின் விலை உயர உயர நகராட்சிக்கு இலாபம் என்பதால், விலையைத் தணிக்க எந்த நகராட்சிக்கும் மனம் வராது. விலை சரியும் நாளில், விற்க வேண்டிய புதிய நிலமும் விலைபோகாது. விற்றுவிட்ட பழைய நிலத்திலிருந்தும் ஒரு காசு வராது. ஆண்டு வரி முறையில் விலை சரிந்தாலும் வருவாய் மெல்லக் குறையுமே அன்றி இப்படி ஒரேயடியாக விழாது.

ஆண்டு வரியைக் கொண்டுவரும் முயற்சிகள் தயங்கித் தயங்கி நடந்தன. 2011 ஜனவரியில் ஷாங்காயிலும் சோங்சிங்கிலும் குறுகிய அளவில் சொத்து வரிச் சோதனை தொடங்கியது. 2021 அக்டோபரில் தேசிய மக்கள் பேரவையின் நிலைக்குழு மேலும் சில நகரங்களில் ஐந்தாண்டுச் சோதனைக்கு அனுமதி அளித்தது. 2022 மார்ச்சில் நிதி அமைச்சகம் அவ்வாண்டுக்கான சூழல் கனியவில்லை என்று நிறுத்திவைத்தது. தயக்கத்தின் காரணம் புரியாததன்று. 70 ஆண்டு வாரத்தையும் முன்னதாகவே கட்டிவிட்ட குடும்பத்திடம் ஆண்டுதோறும் இன்னொருமுறை கேட்பது எப்படி நியாயம் என்ற கேள்விக்கு அரசிடம் நல்ல விடை இல்லை. இந்தச் சிக்கல் 1905-இல் சுன் கண்ட சிக்கலுக்கு நேர்மாறானது: அவர் விலை ஏறுவதற்கு முன் வரி போட நினைத்தார், இவர்கள் விலையை முழுதும் விற்றுத் தீர்த்த பிறகு வரி போட நினைக்கிறார்கள்.

சட்டத்தில் ஒரு திறந்த கதவு மட்டும் இருக்கிறது. 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள குடிமைச் சட்டத்தொகுப்பின் 359-ஆம் பிரிவு, குடியிருப்பு நில உரிமைக் காலம் முடிந்ததும் தானாகவே புதுப்பிக்கப்படும் என்கிறது. புதுப்பிப்புக் கட்டணம் எவ்வளவு, விலக்கு யாருக்கு என்பதை வேறு சட்டங்களுக்கு விட்டுவிடுகிறது. 20 ஆண்டுகளுக்கு மட்டுமே நிலம் வழங்கியிருந்த வென்சோ நகரில் 2016-இல் காலக்கெடுக்கள் முடிந்தபோது, கட்டணம் இல்லாமலே தற்காலிகமாக நீட்டிக்கச் சொல்லி அமைச்சகம் ஒதுங்கிக்கொண்டது. 1990-களில் 70 ஆண்டுகளுக்கு விற்ற மனைகளின் காலம் 2060-களில் முடியும். அப்போது அந்தக் கட்டணத்தை ஒரே தொகையாக வாங்குவதா, ஆண்டு மதிப்பின் மீது வாங்குவதா, வாங்காமலே விடுவதா என்பதைச் சட்டம் எழுதுபவர்கள்தான் முடிவு செய்வார்கள். அந்தச் சட்டம் இன்னும் எழுதப்படவில்லை.